பொய்க் கையெழுத்துப் போடாமல் கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்க முடியுமா?

கேட்டவர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த ஒரு தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலை கிடைத்திருக்கிறது, அதாவது சட்டமும் துணி வாங்கும் வெளிநாட்டு பையரும் கேட்கும் விதிகள் கம்பெனியில் நடக்கின்றனவா என்று பார்த்துப் பதிவேடு வைக்கும் வேலை. வீட்டில் தினமும் ஜெபமாலை சொல்லும் கத்தோலிக்கக் குடும்பம். "ரெண்டு நோட்டு எழுதுற வேலைக்கா உன்னைப் படிக்க வைச்சேன்" என்று அப்பா கேட்கிறாராம். பாவம் இல்லாமல் இந்த வேலையைப் பார்க்க முடியுமா, இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்பது அவருடைய கேள்வி.

முடியும். ஆனால் உங்கள் அப்பா சொல்வதும் சரிதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திண்டுக்கல்காரன். அப்பா தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடம்) 22 வருடம் வேலை பார்த்தார், வெளியே வரும்போது பி.எஃப். என்று ஒரு பைசா கிடையாது. நான் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சலான் போட்டு, அப்புறம் கம்ப்ளையன்ஸுக்கு மாறி, இப்போது திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இந்த வேலை எங்கே கடிக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் 'ஒன்றரை ஷிஃப்ட்' என்பார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், மேற்கொண்டு நான்கு மணி நேரம் அரை ஷிஃப்ட். ஒரு டெய்லருக்கு ஷிஃப்ட்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் 750 கொடுப்பார்கள், வாங்குகிறவரும் கணக்கு சரி என்றுதான் நினைப்பார். சட்டம் என்ன சொல்கிறது? கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. மணிக்கு 62.50 என்பது 125 ஆகும், நான்கு மணி நேரத்துக்கு 500, ஆக மொத்தம் 1,000. தினம் 250 ரூபாய் காணாமல் போகிறது. வாரம் ஆறு நாள் இப்படிப் பார்த்தால் 1,500. இதில் வாரம் 72 மணி நேரம் வேறு ஆகிவிடுகிறது, அதைச் சட்டமும் ஒப்புக்கொள்ளாது, வெளிநாட்டு பையரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் பையருக்காகச் சோதிக்க வரும் ஆடிட்டருக்கு என்று இரண்டாவதாக ஒரு நோட்டு பிறக்கிறது. அதில் எல்லோரும் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஓ.டி. (கூடுதல் நேரம்) பார்த்த சில நாட்களுக்கு இரட்டைக் கூலி அழகாக ஏறியிருக்கும். அந்த நோட்டை எழுதுவதுதான் பல கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் ஆளின் முக்கிய வேலை. உங்கள் அப்பாவுக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பொய் நோட்டு மாட்டும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். தையல் லைனில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, ஒரு பதிவேட்டில் தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி, செலோ டேப் போட்டு ஒட்டிவைக்க வேண்டும். குழந்தை உடையில் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. ஒருமுறை ஆடிட்டுக்கு வந்த அம்மா ஒருவர் வருகைப் பதிவேட்டைத் தொடவே இல்லை. நேராக ஊசி நோட்டை எடுத்தார், மெதுவாகப் புரட்டினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 6.40க்கு ஒட்டியிருந்த ஊசியின் மேல் விரலை வைத்தார். "லீவு நாளில் இது எப்படி உடைந்தது?" என்று மட்டும் கேட்டார். எங்கள் மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. ஜெனரேட்டர் டீசல் நோட்டு, வாட்ச்மேன் கேட் நோட்டு, குவாலிட்டி ஷீட் என்று ஒரு பொய்யைக் காப்பாற்ற ஏழெட்டு நோட்டைத் திருத்த வேண்டும், ஏதாவது ஒன்று தப்பிவிடும். அதனால் வெறும் புத்திக்கணக்கில் பார்த்தாலும் இரண்டாவது நோட்டு நஷ்டம்தான். முதலாளிகளிடம் பாவம், மோட்சம் என்றெல்லாம் பேசாதீர்கள், இந்தக் கணக்கைப் பேசுங்கள். நான் ஜெயித்த இடங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஜெயித்தேன்.

தோற்ற கதையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்பு, வேறொரு கம்பெனியில் இருந்தபோது நடந்தது. செக்கிங்கில் காண்ட்ராக்ட் ஆட்கள். மாதம் 26 நாள் வேலை பார்க்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. கணக்கில் எட்டு, ஒன்பது நாள் என்று காண்ட்ராக்டர் எழுதிக் கொண்டுவருவார். பணம் கட்டுவது குறையும் அல்லவா, அதற்காக. சரிபார்த்தேன் என்று கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். ஒரு வருடம் இப்படிப் போனது. அதில் ஒரு பெண் பிரசவத்துக்குப் போனார். இ.எஸ்.ஐ.யில் மகப்பேறு பணம் கிடைக்க, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாளாவது கட்டியிருக்க வேண்டும். அந்தப் பெண் ஏழு மாதம் ஓயாமல் நின்று வேலை பார்த்தவர், கணக்கில் இருந்தது 62 நாள். கைக்குழந்தையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "நான் எத்தனை நாள் வந்தேன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்" என்றார். தெரியும்.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அந்தச் சாமியார் வயதானவர், விடவில்லை, என்ன பொய், யாருக்கு நஷ்டம், எவ்வளவு நஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போது மகப்பேறு 12 வாரம், 84 நாள். தினம் 130 ரூபாய்ச் சம்பளம். 10,920 ரூபாய் என்று கூண்டுக்குள் மனக்கணக்குப் போட்டுச் சொன்னேன். "சரி, திருப்பிக் கொடுத்தாச்சா?" என்றார். ஏழாம் கட்டளைப் பாவத்துக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய போதனை. மறைக்கல்வியில் படித்ததுதான், ஆனால் அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் என்று நினைத்ததில்லை. கம்பெனி கொடுக்காது, என் சம்பளம் 14,000. மாதம் ஆயிரமாகக் கொடுத்து முடித்தேன். கம்பெனி கொடுத்ததாகச் சொல்லிக் கொடுக்கலாமா சாமி என்று கேட்டதற்கு, இன்னொரு பொய்யா என்று சிரித்தார். நேரே போய் என் தப்பு என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் மாமியார் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அடுத்த வேலை தேடி அந்தக் கம்பெனியை விட்டு வந்தேன்.

விசுவாசத்துக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் லூக்கா மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுவேன். வரி தண்டுபவர்கள் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைவிடக் கெட்ட பெயர் வாங்கிய வேலை கிடையாது. வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார், அவ்வளவுதான். அடுத்து படைவீரர்கள் கேட்கிறார்கள். யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளமே போதும் என்று இருங்கள் என்கிறார். இந்தக் கடைசித் துண்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதில்தான் குடும்பம் இருக்கிறது.

தோபித்து ஆகமம் நம்முடைய விவிலியத்தில்தான் இருக்கிறது, பிரிவினை சபையாரின் பைபிளில் இருக்காது. அதில் நாலாம் அதிகாரத்தில் ஒரு அப்பா மகனைத் தூரதேசம் அனுப்பும்போது புத்தி சொல்கிறார். பெற்ற தாயைப் பார்த்துக்கொள், பிச்சை கேட்பவரிடம் முகத்தைத் திருப்பாதே என்று சொல்லிக்கொண்டே வந்து, நடுவில், உன்னிடம் வேலை செய்தவனின் கூலியை மறுநாள் வரை வைத்திருக்காதே என்கிறார். குடும்ப ஒழுக்கம், குடும்ப விழுமியம் என்று நாம் மேடையில் பேசும் பட்டியலில் இந்த வரி ஏன் வருவதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன, கவனித்திருப்பீர்கள். அதில் ஊதியத் தொகுப்பு என்ன சொல்கிறது என்றால், வாரக்கூலியை அந்த வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே கொடு, வேலையை விட்டு நிற்பவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடி. நின்றவருக்கு 'செட்டில்மென்ட்' கொடுக்க மூன்று மாதம் இழுத்தடிக்கும் ஆபீஸ்களில் இதைச் சொன்னால் புதுச் சட்டமா என்று அலுத்துக்கொள்கிறார்கள். தோபித்து இதைவிடக் கறார்!

இன்னொரு வாதம் தினமும் கேட்பீர்கள். "பேசி ஒத்துக்கிட்டுத்தானே வேலைக்கு வந்தாங்க, நமக்கென்ன?" 1891ல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில் இதற்குத்தான் பதில் எழுதினார். முதலாளியும் தொழிலாளியும் மனமொத்துப் பேசி முடித்தாலும், அதற்கும் மேலே இயற்கை நீதி என்று ஒன்று இருக்கிறது, சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அந்தக் கூலி போதாமல் இருக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். இன்றைய மறைக்கல்வி நூலும் அப்படியே சொல்கிறது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்று. 2025ல் வந்த புதிய பாப்பரசர் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு அந்தச் சுற்றுமடலும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார். நம் பங்குகளில் (ஊர்க் கோவில் சபைகளில்) மே 1 அன்று சூசையப்பருக்குப் பாட்டுப்பூசை வைத்து, சுண்டல் கொடுத்து முடித்துவிடுகிறோம். 1955ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் அந்தத் தேதியில் அந்தத் திருநாளை வைத்ததே தொழிலாளர் தினம் என்பதால்தான் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்களா? நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். உபதேசியாருக்கும் கோவில் வேலைக்காரருக்கும் பி.எஃப். போடாத பங்குகளில் அந்தப் பிரசங்கம் வைப்பது கஷ்டம்தான், புரிகிறது.

சரி, கத்தோலிக்கராக இருப்பதே இந்த வேலையில் வழுக்கிவிடும் இடங்களும் உண்டு. மூன்று அனுபவம் எனக்கு.

ஹாஸ்டல் முதலில். ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்கள் நிறைய வருகிறார்கள், அவர்களில் நம் சபைப் பிள்ளைகளும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, பூசைக்குப் போக வார்டன் விடவில்லை சார் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றே பேசி, கோவிலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கேட் பாஸ் என்று வாங்கிக் கொடுத்தேன், பெரிய புண்ணியம் செய்த நினைப்பு. வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி நர்ஸ், பேச்சு கொஞ்சம் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். "மத்த பிள்ளைங்க கடைக்கு, சினிமாவுக்குப் போகணும்னா எந்த சாமி பேரைச் சொல்லணும்?" என்றாள். வேலை நேரம் முடிந்தபின் தொழிலாளி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது நான் தினம் செக்லிஸ்ட்டில் டிக் அடிக்கும் விஷயம். எல்லோருக்கும் கேட் திறக்க எட்டு மாதம் ஆனது. முதலில் எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள், அப்புறம் இரண்டு பேராகப் போகலாம் என்றார்கள், கடைசியில்தான் முழுசாக விட்டார்கள்.

இரண்டாவது, பாலியல் தொல்லைப் புகார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், இதெல்லாம் படித்திருப்பீர்கள். படிக்காதது இது: நமக்குள் ஊறிப்போன 'மன்னித்துவிடு' என்ற சொல் அந்த அறைக்குள் வரவே கூடாது. ஒரு குழுவில் ரொம்ப பக்தியான ஒரு அம்மா, புகார் கொடுத்த பெண்ணிடம், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கு, ஆண்டவரே மன்னித்தாரே என்று ஆரம்பித்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் சமரசம் என்பதை அந்தப் பெண் தானாகக் கேட்டால்தான் பேசலாம், அதுவும் பணம் கொடுத்து முடிக்கும் சமரசம் கூடவே கூடாது என்று 2013 சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. மன்னிப்பது அந்தப் பெண்ணுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம், குழு தொண்ணூறு நாளுக்குள் விசாரணையை முடித்தால் போதும்.

மூன்றாவது சின்னது: சிபாரிசுக் கடிதம். நம்ம பங்குப் பையன், அன்பியத்துப் (பங்கின் தெருக்குழு) பொண்ணு என்று ஃபாதர்மார் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். டீ வாங்கிக் கொடுத்து, இன்டர்வியூ தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

இப்போது குடும்பம், யோவான் சொன்ன அந்த 'உங்கள் சம்பளமே போதும்' என்ற துண்டு. கேள்வியில் நீங்கள் இதைக் கடைசியில் வைத்திருந்தீர்கள், எனக்கு இதுதான் முதலில் வருகிறது. இந்த வேலையில் ஒரு நாள் உங்கள் முன்னால் ஒரு தாளை வைத்து, போட்டுருங்க சார், எல்லாரும் போட்டாச்சு என்பார்கள். அந்த நிமிஷத்தில் விவிலிய வசனம் ஞாபகம் வராது, அடுத்த மாத இ.எம்.ஐ.தான் ஞாபகம் வரும். நான் அந்த 62 நாள் கணக்கில் கையெழுத்துப் போட்டபோது இரண்டு கடன் ஓடிக்கொண்டிருந்தது, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது ஒன்று, பைக்குக்கு ஒன்று. வேலை போனால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பேனாவை எடுத்தேன். அதற்குப் பிறகு என் மனைவியும் நானும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தோம். ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் ஆகும் பணம் எப்போதும் பேங்கில் இருக்க வேண்டும், அது சேரும் வரை கார் கிடையாது, வாடகை வீடுதான். அவளுடைய நர்ஸ் சம்பளத்தில்தான் அது சேர்ந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'முடியாது பணம்'. இரண்டு தடவை அதை எடுக்க வேண்டி வந்தது, ஒரு தடவை நாலு மாதம் வீட்டில் இருந்தேன். என் மாமனாருக்கு மட்டும் இன்றுவரை மனத்தாங்கல், மருமகனுக்கு ஒரு வேலையில் நிலையாக இருக்கத் தெரியவில்லை என்று.

ஆடிட் வாரத்தில் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும், குடும்ப ஜெபத்துக்கெல்லாம் நேரத்துக்கு வர முடியாது. என் பிள்ளைகள் எனக்காகக் காத்திருப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள், நானும் அதைக் கடமையாக வைக்கவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியில் ஞாயிறு வேலை வந்தால் சனி மாலைப் பூசைக்குப் போய்விடுவேன், அது ஞாயிறு கடனுக்குச் சேர்த்திதான். ஆனால் எனக்குச் சனி மாலை இருக்கிறது, லைனில் இருக்கும் டெய்லருக்கு அன்றைக்கும் ஒன்றரை ஷிஃப்ட். பெரிய வெள்ளிக்கு லீவு கேட்டும் சண்டை போட்டதுண்டு. தமிழ்நாட்டில் வருடத்துக்கு நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும்தான் கட்டாயம், அந்த ஐந்தில் பெரிய வெள்ளி ரம்ஜானோடு போட்டி போட வேண்டும், பெரும்பாலும் பொங்கலும் ஆயுத பூஜையும் தீபாவளியும் ஜெயிக்கும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

தம்பி, சேருவதற்கு முன்னால் இன்டர்வியூவில் ஒரு கேள்வி கேளுங்கள்: போன ஆடிட்டில் வேலை நேரத்தைப் பற்றி என்ன குறை எழுதினார்கள் சார்? குறையே இல்லை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், திருப்பூரில் அப்படி ஒரு கம்பெனியை நான் பார்த்ததில்லை. வாரம் அறுபத்தி நாலு மணி நேரம் ஓடுது, குறைக்கப் பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே சேருங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சேர்ந்தபின் உங்கள் முதல் வேலை எந்தப் பதிவேட்டையும் தொடுவது இல்லை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கழிந்து சில நாள் பொறுத்து, உங்கள் சொந்த பி.எஃப். பாஸ்புக்கைப் போனில் திறந்து பாருங்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம் ஏறியிருக்கிறதா, கம்பெனி பங்கு வந்திருக்கிறதா, அடிப்படைச் சம்பளத்தை எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை உங்கள் அப்பாவிடமும் காட்டுங்கள்.